கையைக் கட்டிக்கொண்டு

அந்தக் கட்டடத்தில் தளத்துக்கு நான்கு வீடுகள். நான்கு வீட்டுச் சமையலறைக் கதவுகளும் பின்பக்கம் ஒரே நடையில் திறக்கும். நடையின் கோடியில் ஒரு சிமென்ட் தொட்டி, இரண்டு குழாய்கள், துணி உலர்த்த நாலு கம்பிகள். பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் அடுத்தவர் வீட்டு நியாயம் பேசுவதும் அங்கேதான். யார் வீட்டில் பால் கருகியது, யார் யாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் மத்தியானத்துக்குள் தொட்டியடிக்கு வந்து சேர்ந்துவிடும்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர் வீட்டுக்கு இரண்டாம் மனைவியாக அவள் வந்த மூன்றாம் நாள் காலை, அந்த வீட்டுப் பெண் குழந்தை சாப்பிட்ட தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டியடிக்கு நடந்தது. ஐந்து வயது. எதையாவது தூக்கிக்கொண்டே அலைவதால் அதற்கு எறும்பு என்று பெயர் வைத்திருந்தார் அப்பா. எறும்பு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று தட்டைத் தேய்த்தது, அலசியது, விளிம்பில் விரலை வைத்துப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தது, மறுபடி அலசியது.

"வந்து மூணு நாள்கூட ஆகலை, அதுக்குள்ள பிள்ளை கையில பாத்திரத்தைக் கொடுத்தாச்சு" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா.

"சித்திக்காரி வேற எப்படி இருப்பா" என்றாள் துணி உலர்த்த இறங்கிவந்த மாடிக்காரம்மா.

இதே குழந்தை இதே முக்காலியில் ஏறி இதே தட்டை இரண்டு வருஷமாகக் கழுவியதை இந்த இரண்டு பேரும் பார்த்தவர்கள்தான். பெற்றவள் உயிரோடு இருந்தபோது அதற்குப் பெயர் சமத்து. இப்போது கொடுமை. குழந்தையும் மாறவில்லை, தட்டும் மாறவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்ற சின்னம்மாவுக்கு இரண்டு பேச்சும் தெளிவாகக் காதில் விழுந்தன. அவளுக்கு வலித்தது என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்துக் கொடுத்து அவளுடைய விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. கொதிக்கும் டீ கிளாஸை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். விரலோடு நிற்காமல் அது உள்ளேயும் பரவிவிட்டது என்று அவளே சொல்லிக்கொள்வாள். முதல் கல்யாணம் என்று ஒன்று இருந்து இல்லாமல் போயிருந்தது. யாராவது கேட்டால் "அது ஆச்சு" என்பாள். இந்தக் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி சொன்னாள், இவள் சரி என்றாள்.

ஆனாலும் 'சித்திக்காரி' என்ற அந்தச் சொல் மட்டும் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டாள். "பிள்ளையை எதுக்குங்க பாத்திரம் கழுவ விடறீங்க?"

அவர் விரலிடுக்கில் ஒட்டிய கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் கட்டடங்களுக்குள் இருட்டுப் பள்ளத்தில் கம்பி வடத்தோடு தொங்குகிற வேலை. மனைவி போன பதினான்கு மாதத்தில் பேச்சும் அளவாகிவிட்டது.

"அவ அப்படித்தான் வளர்த்தா."

"அப்படின்னா?"

"சின்னப் பசங்க ஸ்கூல்ல உதவிக்கு இருந்தாளே. அங்க மாண்டிசோரின்னு ஒரு முறை. பிள்ளையால முடியறதை நாம செய்யக்கூடாது. ஒரு தடவை மெதுவா, பேசாம செஞ்சு காட்டணும். அப்புறம் விட்டுடணும். அது கேட்டா மட்டும்தான் கிட்டப் போகணும்."

"கொட்டினா?"

"துடைக்கும்."

"உடைச்சா?"

"உடைச்சிருக்கு. கூட்டிப் பெருக்குச்சு." அவர் துணியை மடித்து வைத்தார். "செஞ்சு காட்டறது சுலபமாம். கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றதுதான் உசிர் போற வேலைன்னு சொல்லுவா."

வீடு முழுக்கச் செத்துப்போனவளின் கைவேலை தெரிந்தது. சுவரில் ஆணிகள் இடுப்புக்குக் கீழே அடிக்கப்பட்டிருந்தன. சமையலறையில் தரையோடு ஒரு அலமாரி. அதன் பலகையில் கறுப்பு மையால் கிளாஸுக்கு ஒரு வட்டம், தட்டுக்கு ஒரு பெரிய வட்டம், கரண்டிக்கு ஒரு கோட்டுருவம். எடுத்ததை எங்கே வைப்பது என்று குழந்தை யாரையும் கேட்க வேண்டியதில்லை. முனை மழுங்கிய ஒரு சின்னக் கத்தி, வாழைப்பழம் நறுக்க. கைக்கு அடங்குகிற ஒரு கூஜா. செத்துப்போனவளின் உயரத்துக்கு அந்த வீட்டில் எதுவுமே இல்லை.

சின்னம்மா இதையெல்லாம் பார்த்தாள். நல்ல ஏற்பாடுதான் என்றும் நினைத்தாள். ஆனால் அது அந்தப் பெண்ணுக்குச் செல்லும், தனக்குச் செல்லாது என்று முடிவு கட்டினாள். பெற்றவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது வளர்ப்பு. வந்தவள் உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா?

மறுநாள் எறும்பு தட்டைத் தூக்கியபோது அவள் வாங்கிக்கொண்டாள்.

"நான் கேட்கலையே" என்றது குழந்தை. கோபமில்லை. விவரம் தெரியாத ஒருத்திக்கு விவரம் சொல்கிற குரல்.

"பரவாயில்லை கண்ணு. நீ போய் விளையாடு."

"இது என் தட்டு."

"தெரியும். சின்னம்மா கழுவறேன்."

அப்படி ஆரம்பித்தது. தட்டைக் கழுவினாள். தலை வாரினாள். பொத்தான் போட்டாள், செருப்பு வாரை மாட்டிவிட்டாள், முட்டையை உரித்துப் பிட்டு வாயில் ஊட்டினாள். முதல் வாரம் குழந்தை ஒவ்வொன்றுக்கும் "நான் கேட்கலையே" என்றது. இரண்டாம் வாரம் ஒன்றிரண்டுக்குச் சொன்னது. அப்புறம் நிறுத்திவிட்டது. தொட்டியடியிலும் பேச்சு மாறியது.

"பரவாயில்லையே. பிள்ளையைத் தரையில விடாம தாங்கறா."

"நான்தான் சொன்னேனே, முகத்தைப் பார்த்தாலே தெரியுது நல்லவன்னு" என்றாள் மாடிக்காரம்மா. அப்படி அவள் சொன்னதே இல்லை.

சின்னம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் மூன்றாம் மாதத்தில் எறும்பு நகர்வதையே நிறுத்தியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கட்டில் ஓரத்தில் உட்காரும். கை இரண்டும் மடியில் கிடக்கும். வாயைத் திற என்றால் திறக்கும், கையைத் தூக்கு என்றால் தூக்கும். தண்ணீர் வேண்டுமென்றால்கூட எழுந்து போகாமல் கூஜாவைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு வயதில் விட்டுப்போன பழக்கமும் திரும்பியது, தினமும் படுக்கையை நனைத்தது. சின்னம்மா விடிவதற்கு முன்பே அந்த விரிப்பை உருவி எடுத்து, தொட்டியடியில் ஆள் நடமாட்டம் வருவதற்குள் அலசி, வீட்டுக்குள்ளேயே ஒரு நாற்காலி மேல் உலர்த்தினாள். பள்ளிக்கூடத்து ஆசிரியை வாசலில் நிறுத்திச் சொன்னாள். "பாயை விரிச்சு உட்காருது. விளையாட்டுச் சாமான் எதையும் எடுக்கறதில்லை. உடம்புக்கு ஏதாவதா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செத்துப்போனவளின் அக்கா வந்தாள். மூன்று மணி நேரப் பஸ் பயணம். பெரியம்மா கண்டிப்பான மனுஷி, நடுக்கூடத்தில் உட்கார்ந்தால் கூடம் சின்னதாகிவிடும். சின்னம்மா குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை சுவரைப் பார்த்தபடி வாயைத் திறந்தது.

பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படிக்கா?"

"இப்படித்தான். மரப்பொம்மை மாதிரி."

"நல்லாச் சாப்பிடுதுக்கா. எல்லாமே நான்தான் பார்த்துக்கறேன். ஒரு வேலை செய்ய விடறதில்லை."

"அதான் தெரியுதே." பெரியம்மா குழந்தையின் கையை எடுத்துப் பார்த்தாள். விட்டதும் அது திரும்ப மடியில் விழுந்தது. "என் தங்கச்சியோட நான் சண்டை போட்டிருக்கேன், தெரியுமா. பச்சைப் பிள்ளைகிட்ட கத்தியைக் கொடுக்கறியே, உனக்கு ஈவு இரக்கம் இருக்கான்னு. நான் கிட்டப் போனாப் போதும், அக்கா தொடாதே, அக்கா தொடாதேம்பா. எரிச்சலா வரும். ஆனா அந்தப் பிள்ளை கண்ணுல உசிர் இருந்தது."

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுல ரெண்டு பசங்க இருக்காங்க, அதுகளோட கலந்தாலாவது தேறும். அடுத்த ஞாயிறு காலையில பத்து மணிக்கு இங்க வந்து சேர்ற பஸ்ஸுல வர்றேன். துணிமணி எடுத்து வையுங்க."

"நீங்க சொல்றதும் சரிதான்க்கா" என்றார் அவர். அவ்வளவுதான். மனைவியைப் பறிகொடுத்தவர் மகளையும் கொடுக்க எப்படி இவ்வளவு சுலபமாகத் தலையாட்டினார் என்று நாம் கேட்கலாம். அவருக்குள் மறுப்பதற்கு ஆள் இல்லை, அதுதான் விஷயம்.

அன்று சின்னம்மா நாற்காலி மேல் காய்ந்த விரிப்பை மடித்தாள். மடித்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்று ஒரு கேள்வி வந்தது. அதுகூட இல்லை, இந்தக் குழந்தை போகக்கூடாது என்று இருந்தது. என்ன உரிமையில் அப்படி நினைக்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை அவளுக்கு மெஷின் பக்கம் முறை. தலையணை உறைகளைத் தானே மடிக்கிற மெஷின் ஒன்று சலவைக்கூடத்துக்கு வந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். சிக்கிக்கொண்டால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அது சிக்குவதில்லை. எட்டு மணி நேரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நூறு விரிப்பு மடித்தால்கூட இடுப்புதான் வலிக்கும், அங்கே நின்றால் சோறு இறங்காது. பெண்கள் எல்லோரும் அந்த முறையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

சட்டென்று கொதிப்பதால் நீராவி என்று பெயர் வாங்கிய சிநேகிதி பக்கத்து உருளையில் இருந்தாள். கல்யாணம் பேசி முடித்தவளும் அவள்தான்.

"என்னடி, செத்தவ மாதிரி நிக்கறே?"

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போறாங்க. ஞாயித்துக்கிழமை."

"ஏன்? அடிச்சியா?"

"விரல் படலை. எல்லாத்தையும் நானே செஞ்சேன். ஊட்டினேன், கழுவினேன், உடுத்திவிட்டேன்."

"ஏன், அதுக்குக் கை இல்லையா?"

"இருக்கு. முன்னாடி எல்லாம் அதுவேதான் செஞ்சுது. நான்தான் பிடுங்கிட்டேன். பேரு கெட்டுடும்னு."

"யாரு பேரு?"

மெஷின் ஒரு உறையை மடித்துத் தள்ளியது, இன்னொன்றை மடித்துத் தள்ளியது. சின்னம்மா தன் இரண்டு கையும் தொங்குவதைக் குனிந்து பார்த்தாள். இந்த எட்டு மணி நேரத்தைத்தான் அந்தக் குழந்தைக்கு மூன்று மாதமாகக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

"என் பேருதான்" என்றாள்.

"விளங்கிடும்" என்று நீராவி அடுத்த விரிப்பை உருளைக்குள் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு தலையணை உறையைத் தரையில் விரித்தாள். செத்துப்போனவள் காட்டியதெல்லாம் இவளுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்தது துணி. விளிம்போடு விளிம்பைச் சேர்த்தாள். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினாள். மறுபடி பாதியாக்கினாள். வாயே திறக்கவில்லை. பிறகு அதைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். எறும்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. உறை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். புதன்கிழமை குழந்தை கட்டிலை விட்டு இறங்கி உறையின் ஒரு மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தது. வியாழக்கிழமை மடித்தது. கோணலென்றால் அப்படியொரு கோணல். சின்னம்மாவின் பதினோரு வருஷக் கை துடித்தது, ஒரே இழுப்பில் நேராக்கிவிடலாம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை மடித்ததைப் பார்த்தது, உதறியது, மறுபடி ஆரம்பித்தது. ஏழு தடவை. அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்ததை அவள் கவனிக்கவில்லை.

லிஃப்ட்காரர் வந்து பார்த்தார். "யாரு இப்படி மடிச்சது?"

"அவதான்."

அவர் அந்தக் கோணல் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது, அழுகையா என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இருந்தாலும் ஞாயித்துக்கிழமை அவங்க வருவாங்களே" என்றார்.

"வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வழக்கம்போல் எழுந்து குழந்தையின் கட்டிலுக்குப் போனாள். விரிப்பு நனைந்திருந்தது. ஆனால் அன்றைக்கு உருவாமல் நின்றதால் ஒன்றைப் பார்த்தாள். எறும்பு விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தது. ஈரத்தின் மேல் அசையாமல், கண்ணை மூடியும் மூடாமலும். தினமும் இப்படித்தான் இருந்திருக்கிறது. அவள் கள்ளத்தனமாக விரிப்பை எடுத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்த்திருக்கிறது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விரிப்பு நனைஞ்சிருக்கு. என்ன செய்யலாம்?"

எறும்பு கண்ணை முழுசாகத் திறந்தது. "துவைக்கணும்."

"யாரு?"

"நான்."

"சரி. எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு இப்படி வரும். எல்லாம் மீசை வெச்ச ஆளுங்களுது."

குழந்தை அவளைத் திரும்பிப் பார்த்தது. "அவங்களும் துவைப்பாங்களா?"

"இல்லை. நாங்கதான் துவைப்போம். அவங்களுக்குத் தெரியாது."

குளியலறைக்குள் வைத்துத் துவைக்க விட்டிருக்கலாம். ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு வரவே செய்தது. ஒளித்து ஒளித்துத்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்று அதை விட்டுவிட்டாள். பெரிய வாளியில் விரிப்பைப் போட்டுக் குழந்தை தூக்கப் பார்த்தது, முடியவில்லை, தரையோடு இழுத்துக்கொண்டு நடையில் போனது. ஞாயிற்றுக்கிழமை, தொட்டிக் குழாயில் தண்ணீர் வரவே ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது. தொட்டியடியில் திருவிழாக் கூட்டம். சின்னம்மா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், இரண்டு எட்டுத் தள்ளிப் போட்டு, உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

எறும்பு முக்காலியில் ஏறி, சோப்பைத் தேய்த்தது. விரிப்பு அதைவிடப் பெரிது. ஒரு பக்கத்தைத் தூக்கினால் மறுபக்கம் விழுந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு தேய்த்தது.

"என்ன இது அநியாயம்" என்றாள் வாடையிலேயே விஷயம் புரிந்துவிட்ட தையல்காரம்மா. "பிள்ளை தெரியாம நனைச்சதுக்கு இப்படியா தண்டிக்கறது?"

"தண்டனை இல்லைங்க" என்றாள் சின்னம்மா.

"அப்ப என்னவாம்? நீ உட்கார்ந்து பார்க்கறே."

"ஆமா. பார்க்கறேன்."

மாடிக்காரம்மா தன் துணியை விட்டுவிட்டு வந்தாள். "மூணு மாசம் நடிச்சா பாரு. இப்பத்தான் சாயம் வெளுத்திருக்கு."

எழுந்துபோய் அந்த விரிப்பைப் பிடுங்கி இரண்டே நிமிஷத்தில் துவைத்துப் போட்டுவிட்டால் எல்லா வாயும் மூடிக்கொள்ளும். சின்னம்மா கையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பெரியம்மா வந்தது அப்போதுதான். முன்கதவு திறந்திருந்ததால் வீட்டைக் கடந்து நேரே நடைக்கு வந்துவிட்டாள். துணிமணி எடுத்துப்போக ஒரு காலிப் பை தோளில் தொங்கியது. பின்னால் லிஃப்ட்காரர்.

"நீங்களே பாருங்கம்மா இந்தக் கண்றாவியை" என்றாள் தையல்காரம்மா.

பெரியம்மா பார்த்தாள். முகம் சிவந்தது. இரண்டு எட்டில் தொட்டியை அடைந்து விரிப்பின் மேல் கை வைத்தாள். "விடுடா கண்ணு. இதெல்லாம் நீ செய்யறதா? விடு."

குழந்தை விடவில்லை. மூச்சு வாங்க அவளை நிமிர்ந்து பார்த்தது.

"நான் கேட்கலையே பெரியம்மா."

பெரியம்மாவின் கை விரிப்பின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அதே தொட்டியடியில், அதே இடத்தில், இதே மாதிரி எத்தனை தடவை அவள் தள்ளி நிறுத்தப்பட்டிருப்பாள். கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சுவரோரம் போய் நின்றாள்.

விரிப்பை அலசி முடிய அரை மணி ஆயிற்று. பிழிவதற்குத்தான் முடியவில்லை. முறுக்கினால் மொத்தமும் சேர்ந்து சுற்றியதே தவிர தண்ணீர் இறங்கவில்லை. எறும்பு இப்படிப் பிடித்துப் பார்த்தது, அப்படிப் பிடித்துப் பார்த்தது. சுற்றி நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தது. பெரியம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சின்னம்மா" என்றது குழந்தை. "நீ அந்தப் பக்கம் பிடி."

சின்னம்மா எழுந்தாள். உட்கார்ந்தே கால் மரத்திருந்தது. மறுமுனையைப் பிடித்தாள். குழந்தை ஒரு பக்கம் முறுக்க, இவள் எதிர்ப்பக்கம் மெதுவாக முறுக்கினாள். குழந்தை அவள் மணிக்கட்டையே கவனித்தது. நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது. தண்ணீர் சில்லென்று இருப்பது அவள் விரலுக்குத் தெரிந்தது. பிறகு ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறிக் கம்பியில் போட்டார்கள்.

பெரியம்மா ஒரு டீ குடித்தாள். எறும்பு தனக்கான முட்டையைத் தானே உரித்தது, ஓட்டோடு பாதி வெள்ளையும் போயிற்று. கிளம்பும்போது பெரியம்மா காலிப் பையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"துணி எடுத்து வைக்கலையாக்கா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"எதுக்கு? அடுத்த மாசம் வர்றேன். சும்மா பார்க்க." சின்னம்மா பக்கம் திரும்பினாள். "வெளியில உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டப் போறாங்க."

"கட்டட்டும்க்கா."

அதற்கு நெடுநேரம் ஆகவில்லை. பஸ் கிளம்பியிருக்கக்கூட முடியாது. எறும்பு விரிப்பு காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க நடைக்குப் போனது. சமையலறையில் நின்ற சின்னம்மாவுக்குத் தையல்காரம்மாவின் குரல் கேட்டது. இரக்கம் சொட்டச் சொட்ட, நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

"ஏண்டா கண்ணு, உண்மையைச் சொல்லு. உங்க சின்னம்மா உனக்கு ஒண்ணுமே செஞ்சு தர்றதில்லையா?"

"ஆமா" என்றது எறும்பு. இவ்வளவு சத்தமாக அது பேசிக் கேட்டு மாதங்களாயிற்று. அந்தக் குரலில் அப்படி ஒரு பெருமை. "எங்க சின்னம்மா எனக்கு ஒண்ணுமே செஞ்சு தர மாட்டாங்க."